சம்பந்தி கடிதங்களுக்கு ஒரு சர்வர்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு (இந்தச் சொல் பற்றிய விளக்கம் கீழே வருகிறது, அதுவரை பொறுத்தருள்க),

இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவது மரபு. எழுதிவிட்டேன், நம்ப வேண்டியதில்லை. அங்கே தாங்களும், கண் ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கும் என் தங்கச்சியும் (தங்கள் மனைவியை வேறு விதமாக அழைத்து எனக்குப் பழக்கமில்லை) சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ள எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் என் பெயரில் தங்களுக்கு வந்து சேர்ந்த கடிதங்கள் எதையும் நான் அனுப்பவில்லை. எழுதியது நான்தான். அனுப்பியது நானில்லை. அதுவும் முழு உண்மையில்லை. அனுப்பியதும் நான்தான், ஆனால் இந்தத் தடவை இல்லை. இதை விளக்கவே இந்தக் கடிதம். இதுவே என் கடைசிக் கடிதமும் ஆகும்.

நம் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு தொடங்கியபோதே மாப்பிள்ளை இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு மெயில் கணக்கு வாங்கி, ஆளுக்கொரு முகவரி கொடுத்தது தங்களுக்கு நினைவிருக்கும். “ஒரே வாசல் மாமா, உள்ள தனித்தனி ரூம்” என்று அவர் விளக்கியபோது நான் கூட்டுக்குடும்பம் என்று புரிந்துகொண்டு தலையாட்டினேன். இப்போது பிள்ளைகள் பிரிகிறார்கள். யார் மேல் தப்பு என்று நானும் கேட்கவில்லை, தாங்களும் கேட்கவில்லை. இரண்டு நல்ல சாமான்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதை ஸ்டோரில் எத்தனையோ தடவை பார்த்தவன் நான். ஆனால் போன மாதம் மாப்பிள்ளை போன் செய்து, “மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்தையும் தனித்தனியாப் பிரிச்சிடணும்னு லாயர் சொல்றாரு. மாசக் கடைசில உங்க மூணு பேர் மெயிலையும் மூடணும். உள்ள இருக்கறதை எடுத்து வெச்சுக்குங்க, மூடிட்டா போயிடும்” என்றார். நான் “சரிங்க மாப்ளே” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பெட்டியில் வேறு என்ன இருக்கிறது, மின்சார பில்லும் தள்ளுபடி விளம்பரமும்தான், போனால் போகட்டும் சனியன். ஆனால் தங்கள் கடிதங்கள் இருக்கின்றன. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். அந்த போல்ட் எங்கே, இந்த பேரிங் எங்கே என்று கேட்கிற குரல் நின்றதும் காது அடைத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் சமையலறை டப்பாக்களை வரிசைப்படுத்தப் போய் உங்கள் தங்கச்சியிடம், அதாவது என் மனைவியிடம், வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் நீங்கள் எழுதினீர்கள்: “ஸ்டோர் கீப்பர் அவர்களுக்கு, என் மேஜை இழுப்பறையில் ஒரு கொத்துச் சாவி இருக்கிறது, எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை, நிபுணர் ஆலோசனை தேவை.” நான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். மறுநாள் துருப்பிடித்த திருகாணி. அதற்கு மறுநாள், டப்பா இல்லாத மூடியைத் தூக்கிப் போடுவதா, மூடி இல்லாத டப்பாவைத் தூக்கிப் போடுவதா என்று ஒரு கேள்வி. டிரைவிங் ஸ்கூல் நடத்தி, ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு ஒரு டப்பா மூடியில் சந்தேகம் வராது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. உறைத்த பிறகும் நான் காட்டிக்கொள்ளவில்லை, நீங்களும் நிறுத்தவில்லை. அந்தக் கடிதங்களைக் கைவிட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

“வேற ஒரு ஃப்ரீ அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி அதுல மாத்திக்கலாமேப்பா” என்றாள் மகள். நியாயமான யோசனைதான். ஆனால் இன்னொருத்தர் குடோனில் நம் சரக்கை வைத்துப் பட்டது போதாதா? இனிமேல் நம் கடிதம் நம் வீட்டில், நம் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வீட்டிலேயே மெயில் சர்வர் வைப்பது எப்படி என்று ஒரு காணொளியைப் பார்த்தேன். ‘அஞ்சே நிமிஷம், ரொம்ப ஈஸி நண்பர்களே’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். அவர் நாசமாய்ப் போக வேண்டாம். ஆனால் அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒருநாளாவது ஒழுகட்டும்.

நான் சர்வர் வைக்கப்போகிறேன் என்றதும் என் மனைவி முகம் மலர்ந்துவிட்டாள். “அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே. எனக்கும் முட்டி வலி. ஒரு ஆள் இருந்தா எடுத்து வெக்க, பாத்திரம் எடுக்க ஒத்தாசையா இருக்கும். சம்பளம் எவ்வளவு கேக்கறான்?” என்றாள். ஓட்டல் சர்வர் என்று நினைத்துவிட்டாள். நான் பரண்மேல் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டி, இதுதான் சர்வர் என்றதும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால், “உங்க சர்வரைத் தண்ணி கொண்டாந்து வெக்கச் சொல்லுங்க” என்பாள். நான் எழுந்து போய் நானே எடுத்துக் குடிப்பேன்.

நிற்க. சர்வரை இஸ்திரி போடும் மேஜைக்குக் கீழே வைத்தேன், அங்கேதான் பிளக் இருக்கிறது. காணொளிக்காரர் சொன்னபடி வரி வரியாகத் தட்டினேன். ஒரு புள்ளி விட்டுப்போனால் ஒப்புக்கொள்ளாத சாமான் அது. நம் ஆபீஸ் ஆடிட்டர்கூட அவ்வளவு கெடுபிடி இல்லை. இணைய கம்பெனிக்கு போன் போட்டு, இருபத்தைந்தாம் நம்பர் கதவைத் திறந்துவிடச் சொல்லும்படி காணொளியில் வந்தது. போட்டேன். எதிரே பேசிய பெண் ரொம்ப மரியாதையாக, “சார், நீங்க எந்த அபார்ட்மென்ட்? சாவி பக்கத்து வீட்ல குடுத்திருக்கீங்களா?” என்று கேட்டாள். அது வீட்டுக் கதவில்லை அம்மா, மெயில் போய்வருகிற கதவு என்றேன். அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் அந்தக் கதவை வீடுகளுக்குத் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டு, வேறொரு சந்து வழியாகப் போகச் சொன்னார். அதாவது, வெளியே போகிற கடிதங்களை மாப்பிள்ளையின் கணக்கு வழியாகவே அனுப்பிக்கொள்ள வேண்டியது, அது மூடுகிற வரை. நல்லதாப் போச்சு என்று அப்படியே அமைத்தேன். பிறகு, பழைய பெட்டியில் இருப்பதையெல்லாம் வீட்டுக்கு இழுத்துவரச் சொல்லி உத்தரவு போட்டேன். அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகினாள். “ரெண்டு புடவைதாங்க, அதுக்குள்ள உங்க சர்வருக்கு உயிரா போயிடும்?” போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து.

இரண்டாம் தடவைதான் அந்த விபரீதம் நடந்தது. ஓர் இடத்தில், வந்த கடிதங்களை ‘முகவரிப்படி சேர்க்கவா?’ என்று கேட்டது. ஸ்டோர் கீப்பரிடம் கேட்கிற கேள்வியா இது? எந்தச் சாமானையும் அதன் முகவரிப்படி சேர்ப்பதுதானே முறை? ‘ஆம்’ என்று அடித்துவிட்டு நிம்மதியாகக் கண் அயர்ந்தேன். அந்த முண்டம் என்ன செய்தது தெரியுமா? அலமாரியில் அடுக்கச் சொன்ன பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மேலே என்ன முகவரி இருக்கிறது என்று பார்த்து, அந்தந்த ஆட்களுக்கு மறுபடியும் தபாலில் சேர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் யார் யாருக்கு என்ன எழுதினேனோ அத்தனையும் போயிற்று.

மறுநாள் காலையில் தண்ணீர்த்தொட்டி சுத்தம் செய்கிறவர்கள் குழாயும் பிரஷ்ஷுமாக வந்து வாசலில் நின்றார்கள். “அவசரம், புழு மிதக்குதுன்னு எழுதியிருந்தீங்களே சார்.” அந்தப் புழு செத்து எத்தனையோ காலம் ஆயிற்று. வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாமல் கழுவச் சொன்னேன். லிஃப்ட் கம்பெனிக்குப் போன புகார் இன்னும் வேடிக்கை. குடிவந்த புதிதில் நான் எழுதியபோது அசையாத ஆசாமிகள், இப்போது உடனே வந்து கிறீச்சென்ற சத்தத்தை நிறுத்திவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தார் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். இதுவரைக்கும் எல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். உங்கள் வீட்டுக்குப் போனதுதான் தாங்க முடியவில்லை.

நீங்கள் போனை வீட்டில் வைத்துவிட்டு நடக்கப் போயிருந்த நேரமாம். தங்கச்சிக்குக் கண்ணில் கட்டு. போன் டிங் டிங் என்று அடிக்கவே, படித்துக்காட்டுகிற பொத்தானை அமுக்கியிருக்கிறாள். அந்த போன் கடிதத்தைப் படிக்கும், தேதியைப் படிக்காது. படித்தது எது தெரியுமா? கல்யாணப் பேச்சு நடந்த நாளில் உங்களுக்கு நான் எழுதிய முதல் கடிதம். “எங்கள் பெண் மனம் விட்டுப் பேசிவிட்டாள். அவளுக்குப் பூரண சம்மதம். அவளை உங்கள் வீட்டுக்கு அனுப்புவதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. எந்தத் தேதி உங்களுக்குத் தோதுப்படும் என்று சொல்லுங்கள்.” ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை, பாருங்கள். தங்கச்சி உடனே என் மகளுக்கு போன் போட்டுவிட்டாள். நாங்கள் மேஜையில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள், அதனால் எல்லாமே எங்கள் காதில் விழுந்தது.

“கண்ணு, அப்பா லெட்டர் போட்டிருக்காரு. கேட்டேன். நீ வர்றியாமே. எனக்கு ஒண்ணும் புரியலை, கையும் ஓடலை காலும் ஓடலை. உன் ரூமைத் தொடச்சு வெக்கச் சொல்லவா?”

என் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அத்தை, அது பழைய லெட்டர்.”

“பழசா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி எழுதினது. அப்பா கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணப்போய் திரும்ப வந்திருக்கு. நான் வரலை அத்தை.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், “சரி கண்ணு. நல்லாத்தான் எழுதியிருக்காரு. நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள் தங்கச்சி.

“சாப்ட்டுட்டேன் அத்தை. நீங்க அழாதீங்க, கண்ணுக்கு ஆகாது” என்று சொல்லி வைத்துவிட்டாள். சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், கழுவின தட்டையே மறுபடி கழுவினாள். இத்தனை நாளாக, கோர்ட்டுக்குப் போய்வந்த அன்றுகூட, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பெண். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “நான் ஒரு தடவை அவங்ககிட்ட சொல்லி முடிச்சதுப்பா. அதைச் சொல்றதுக்கு எனக்கு எவ்வளவு நாள் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? மறுபடியும் சொல்ல வெச்சுட்டீங்களே. இனிமே அந்த வீட்டுக்கு எதுவும் எழுதாதீங்க, ப்ளீஸ்.” நான் ஆடிப்போய்விட்டேன் சம்பந்தி. திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் மனைவி எழுந்து போய், இஸ்திரிப் பெட்டியைச் சொருகாமலே சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தாள்.

நடந்ததை விளக்க ஒரே ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறேன் என்று மகளிடம் கெஞ்சி வாங்கிய அனுமதி இது. இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சர்வரைத் திரும்ப உயிர்ப்பித்து, உங்கள் கடிதங்களை மட்டும் ஒரு தனிப் பெட்டியில் போட்டேன். பெட்டிக்குப் பெயர் வைக்க வேண்டும். ‘சம்பந்தி’ என்று வைக்க முடியாது, இன்னும் கொஞ்ச நாளில் அது பொய். ‘முன்னாள் சம்பந்தி’ என்று அடித்துப் பார்த்தேன். ஏதோ தேர்தலில் தோற்றுப் பதவி போன ஆள் மாதிரி இருந்தது. ‘நண்பர்’ என்றால் போதவில்லை. என் நண்பர்கள் யாரும் எனக்கு டப்பா மூடி பற்றி எழுதியதில்லை. மாமன், மச்சான், ஓரகத்தி, நாத்தனார், கொழுந்தன் என்று ஒன்றுவிட்டது ரெண்டுவிட்டது எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிற நம் தமிழில், பிள்ளைகள் பிரிந்த பிறகு இரண்டு அப்பன்கள் ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதற்கு ஒரு சொல் கிடையாது. வக்கீலிடம் கேட்டேன். “இனிமே அவங்களுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லையே சார்” என்றார். சட்டப்படி சரி. சம்பந்தி போய்ச் சம்பந்தமில்லாதவர். கடைசியில் பெயரே வைக்காமல் விட்டேன். என் உத்தியோகத்தில் சீட்டு ஒட்டாமல் நான் விட்ட ஒரே பெட்டி அதுதான்.

ஆகவே, இத்துடன் முடித்துக்கொள்வோம். இனி நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுத வேண்டாம். உங்கள் பக்கம் வரவும் மாட்டேன். எங்காவது எதிர்ப்பட்டால் ஒரு வணக்கம், அதோடு சரி. பெண்ணின் மனசு ஆற வேண்டும், அதற்கு முன்னால் நம் இரண்டு கிழவர்களின் கடுதாசி பெரிய விஷயமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிச் சொல்லித்தான் பார்க்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறது. உங்கள் இழுப்பறையில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ, அதையெல்லாம் இனி நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கச்சியிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்லுங்கள். உங்கள் மகனுக்கு என் ஆசிகள். கல்யாணத்தன்று கொடுத்தது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற வழி எனக்குத் தெரியவில்லை, நன்றாக இருக்கட்டும். வயதில் மூத்தவர் என்ற முறையில் தாங்கள் எங்கள் பெண்ணை ஒரு தடவை மனசுக்குள் வாழ்த்திவிடுங்கள். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
என்ன என்று போட்டுக்கொள்வது எனத் தெரியாத,
ஸ்டோர் கீப்பர் (ஓய்வு)

பின்குறிப்பு (கையால் எழுதியது): மேலே உள்ளதை இன்று காலை சர்வரிலிருந்து அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. அனுப்பியவர் பெயர் ‘மெயிலர் டீமன்’. அகராதியில் பார்த்தேன், பேய் என்று போட்டிருக்கிறது. மகள்தான் படித்துச் சொன்னாள்: மாப்பிள்ளையின் கணக்கில் எங்கள் முகவரிகளை நேற்றோடு மூடியாயிற்று, எங்கள் வீட்டிலிருந்து நேராக வருகிற கடிதத்தை உங்கள் மெயில்காரர்கள் வாங்க மாட்டார்களாம். “உங்களை அவங்களுக்குத் தெரியாதாம்ப்பா. முன்னப்பின்ன அறியாத இடமாம்.” சரி, சம்பந்தமில்லை என்பது பேய்க்கே தெரிந்துவிட்டது, விடு என்றேன். ஆனால் அந்தப் பேய் திருப்பி அனுப்பும்போது முழுக் கடிதத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தது. அவள் நின்றபடியே கடைசிவரை படித்தாள். நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைக்க வேண்டிய அவசியம் இல்லை. படித்துவிட்டு அவளே பிரின்ட் எடுத்து, மடித்து, உறையில் போட்டு என் கையில் கொடுத்தாள். “எழுத வேணாம்னுதானே சொன்னேன். போக வேணாம்னு எப்பப்பா சொன்னேன்? கையில கொண்டு போய்க் குடுங்க. அத்தை கண்ணு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க.” ஆகவே, நீங்கள் இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் உங்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன். நிமிர்ந்தால் தெரிவேன். உள்ளே கூப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை, கொடுத்த கையோடு கிளம்பிவிடுவேன். ஆனால் திரும்பிப்போகிற பேருந்து சாயங்காலம்தானாம்.